மொட்டை மாடியிலிருந்து முட்டை போடப் போகிறவர்களுக்கு

ஒன்பதாம் வகுப்புக் கண்ணுகளா,

முட்டைப் போட்டிக்கான புது விதிமுறைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே, "வாத்தியாருக்கு என்ன ஆச்சு?" என்று உங்களில் யாரோ கேட்டதாகக் காதுக்கு வந்தது. நியாயமான கேள்விதான். ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு நாள், தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று, நடுவர் நாற்காலியில் உட்கார என்னைக் கூப்பிடுகிறார்கள். வந்தோமா, சால்வையை வாங்கினோமா, போனோமா என்று இல்லாமல் விதிகளையெல்லாம் மாற்றி வைத்தால் கேட்கத்தானே செய்வீர்கள். பலகையில் ஒட்டும் தாளில் காரணம் எழுத இடம் பற்றாது. அதனால்தான் இந்த மடல். பிரிவுக்கு ஒரு படி கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மன்னிப்பு. சென்ற ஆண்டுப் போட்டிக்கு ஒரு பெண் தேங்காய் நாருக்குள் முட்டையைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாடியிலிருந்து போட்டாள், முட்டை பிழைத்தது. ஆனாலும் வடிவமைப்புக்கான பத்து மதிப்பெண்ணில் மூன்றைக் குறைத்தேன். "முட்டையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இரண்டு முனைகளும்தான் பலம். பாலத்து வளைவு பாரம் தாங்குகிற மாதிரி" என்று எல்லோர் முன்னாலும் பாடம் வேறு நடத்தினேன். முப்பது வருடமாக நடத்திய பாடம் அது. அவள் தயங்கித் தயங்கி, "எங்க அம்மாயி அடை வைக்கறப்ப முட்டையைப் படுக்கத்தானுங்க சார் வைப்பாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே மாதம் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டால் கோஹென் என்பவரின் குழு செய்த வேலை. 'கம்யூனிகேஷன்ஸ் ஃபிசிக்ஸ்' இதழில் 2025ஆம் ஆண்டு வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, நம் போட்டியின் கேள்விதான்: விழும் முட்டை நின்றபடி விழுந்தால் நல்லதா, படுத்தபடி விழுந்தால் நல்லதா? 180 முட்டைகளைக் கடினமான தரையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உயரம் எவ்வளவு தெரியுமா? 8 முதல் 10 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தளவு. 8 மில்லிமீட்டரிலிருந்து நின்றபடி விழுந்தவற்றில் பாதிக்கு மேல் உடைந்தன. படுத்தபடி விழுந்தவற்றில் பத்தில் ஒன்றுகூட உடையவில்லை.

காரணத்தையும் தேடியிருக்கிறார்கள். மெதுவாக அழுத்தினால் இரண்டு நிலையிலும் முட்டை ஏறக்குறைய ஒரே விசையில்தான் உடைகிறது. சுமார் 45 நியூட்டன், நம் கணக்கில் நாலரைக் கிலோ பாரம். ஆனால் படுத்திருக்கும் முட்டையின் ஓடு உடைவதற்கு முன் துளி வளைந்து கொடுக்கிறது. அப்படி வளைகிற இடைவெளியில் சுமார் 30 சதவீதம் கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் முட்டை விறைப்பாக நின்று பட்டென்று போய்விடுகிறது. விறைப்பை நான் பலம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் வேறு.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ச் சொன்னேன். "பரவால்லீங்க சார்" என்றாள். எல்லோர் முன்னாலும் குறைத்த மதிப்பெண்ணுக்குத் தனியாகக் கேட்ட மன்னிப்பு போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்: அவள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. மூன்று மதிப்பெண்ணையும் பதிவேட்டில் திருத்தியாயிற்று.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் முட்டையைப் படுக்கப் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த ஆய்வு வெறும் முட்டையை வெறும் தரையில் போட்டுப் பார்த்தது. உங்கள் முட்டை பஞ்சுக்கோ நாருக்கோ நடுவில் இருக்கும். அங்கே முட்டை எப்படிக் கிடக்கிறது என்பதைவிட அதைப் பிடித்திருப்பது எது என்பதே பெரிய விஷயமாகலாம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். நம் முட்டை அட்டையில் முட்டை நிமிர்ந்துதானே நிற்கிறது என்று கேட்பீர்கள். அது வேறு கணக்கு. மொட்டை முனையில் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் முட்டை நாள்பட நல்லபடியாக இருக்கும். அடுக்கின் பாரத்தைத் தாங்குவதும் முட்டை இல்லை, அட்டையின் மேடுகள். ஓர் அட்டையை நேராகவும் அடுத்ததைக் கால்வட்டம் திருப்பியும் லாரியில் அடுக்குவது அதற்காகத்தான். நாமக்கல் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் பண்ணை, மீதிப் பேர் வீட்டில் லாரி.

சரி, கணக்குக்கு வருவோம். நம் பள்ளி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே சிமெண்ட் தளம் வரை கயிறு விட்டு அளந்தேன். 10 மீட்டர். 'இயக்கம்' பாடத்தில் படித்த மூன்றாவது சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். உங்கள் அண்ணன் பைக்கில் சேலம் ரோட்டில் போகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு வர முட்டைக்கு 1.4 நொடி ஆகிறது. அந்த 1.4 நொடியும் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. வேகம் போவதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது.

இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். வருகிற எண்ணை முட்டையின் எடையால் பெருக்குங்கள். முட்டையின் மேல் விழும் சராசரி பாரம் ஏறக்குறைய அதுதான். முட்டை 50 கிராம் என்போம். வெறும் தரையில் விழுந்து 1 மில்லிமீட்டரில் நின்றால் பத்தாயிரம் மடங்கு, அதாவது 500 கிலோ. ஒரு சென்டிமீட்டர் பஞ்சு வைத்தால் 50 கிலோ. பத்து சென்டிமீட்டர் கிடைத்தால் 5 கிலோ. ஓடு தாங்குவது நாலரைக் கிலோ என்று மேலே பார்த்தோம். அதுவும் ஒரே புள்ளியில் அழுத்தினால். பாரத்தை முட்டையின் உடம்பு முழுக்கப் பரப்பிவிட்டால் இன்னும் தாங்கும். ஆக, உங்கள் வேலை இரண்டே. பத்து சென்டிமீட்டர் தூரத்தைச் சம்பாதிப்பது ஒன்று. பாரத்தைப் பரப்புவது இன்னொன்று. மற்றதெல்லாம் அலங்காரம்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. பழைய போர்வையின் மேல் இரண்டு முனைகளை இருவர் பிடித்துத் தொங்கவிடுங்கள். கீழ்ப்பக்கத்தைத் தொட்டில் மாதிரி சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். இப்போது ஒரு முட்டையை முழு வேகத்தில் அந்தப் போர்வையில் அடியுங்கள். கிரிக்கெட் பந்தை எறிகிற மாதிரி. உடையாது. போர்வை பின்னால் போய்ப் போய் வேகத்தை வாங்கிக்கொள்ளும். குறி தவறிச் சுவரில் பட்டால் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள். அடுத்த ஆண்டு 'கணத்தாக்கு' என்று ஒரு பாடம் வரும், பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுப்பது பற்றி. அன்றைக்கு இந்தப் போர்வை நினைவுக்கு வரும்.

பத்து சென்டிமீட்டர் பஞ்சை வைத்துவிட்டால் பத்து சென்டிமீட்டர் கிடைத்துவிடுமா? இங்கேதான் சென்ற ஆண்டு இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் கவிழ்ந்தன. மெத்தென்று இருந்தால் நல்லது என்று ஸ்பாஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பாஞ்ச் ரொம்பப் பணிவான பிள்ளை. முட்டை வந்ததும் எதிர்க்காமல் வழிவிட்டு, கடைசி அரைச் சென்டிமீட்டரில் தட்டையாகிக் கிடக்கும். அதன் பிறகு முட்டைக்குக் கிடைப்பது தரைதான். இன்னொரு கூட்டம் கெட்டித் தெர்மாகோலைக் குடைந்து, முட்டைக்கு அச்சு மாதிரி குழி வெட்டி, அதில் பொருத்திக் கொண்டுவந்தது. அது அமுங்கவே இல்லை. முட்டைக்கு இன்னொரு ஓடு போட்ட மாதிரிதான்.

எனவே பெட்டி செய்யும் முன் ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உங்கள் மெத்தையின் மேல் வையுங்கள். அதற்கே தரையோடு ஒட்டிப்போனால் அது உதவாது. நீங்களே ஏறி நின்றும் அமுங்கவில்லையென்றால் அதுவும் உதவாது. மூன்று, நான்கு கிலோவுக்கு முனகிக்கொண்டே மெல்லப் பணிகிற பொருள் வேண்டும். அமுங்கி முடிந்ததும் திரும்ப எழாமல் நசுங்கியே கிடந்தால் இன்னும் நல்லது. அப்பாவின் ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பாருங்கள். துணிக்கு அடியில் தெர்மாகோல் வகைதான் இருக்கும். மண்டைக்குப் பதிலாகத் தான் நசுங்குவதற்காக அங்கே இருக்கிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அதனால்தான் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டைப் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மறுபடி போடக் கூடாது என்கிறார்கள். காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குவதும் இந்தக் கணக்குத்தான். 1950களில் பேலா பரேனி என்ற பொறியாளர் சொல்லும் வரை, வண்டி இரும்பு மாதிரி விறைப்பாக இருப்பதே பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். என் முட்டை வளைவுப் பாடத்துக்கு அண்ணன் அது.

நசுங்கும் பொருளைக் கடையில் தேடாதீர்கள். பழைய முட்டை அட்டை, காகிதக் கூழில் செய்தது, இருக்கிறதிலேயே நல்ல பொருள். ஆயுத பூஜைப் பொரி இன்னொன்று. பொரி ஒவ்வொன்றாக நொறுங்கி ஆற்றலை வாங்கும். உமி நன்றாகப் பரப்பும், ஆனால் வழிந்து ஓடிவிடும்; பையில் கட்டி வைக்க வேண்டும். தேங்காய் மட்டை பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். அறுபது அடித் தென்னையிலிருந்து நெற்று பொத்தென்று விழுகிறது, உள்ளே கொட்டாங்கச்சி உடைவதில்லை. இயற்கை நமக்கு முன்பே இந்தப் போட்டியை நடத்தி, விடையைத் தோப்பில் தொங்கவிட்டிருக்கிறது.

உறிஞ்சுகுழல் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களை முக்கோணம் முக்கோணமாகக் கட்டி நடுவில் முட்டையைத் தொங்கவிடுவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் குழலுக்குத் தடை. ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள், நூலால் கட்டுங்கள். குச்சி வளைந்தும் முறிந்தும் தன் வேலையைச் செய்யும்.

பாராசூட் கட்டுகிறவர்களுக்கு. விதியில் தடை இல்லை. சென்ற ஆண்டு ஒருவன் பெரிய பாலிதீன் தாளில் கட்டிக் கொண்டுவந்தான். வெளியே விட்டதும் அழகாக விரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். பிப்ரவரிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் மாட்டியது. முட்டை உடையவில்லை, இறங்கவும் இல்லை. நடுவர்கள் மூவரும் அரை மணி நேரம் வாதாடினோம். பத்து மீட்டர் உயரம் பாராசூட்டுக்குப் போதாது என்பது என் கருத்து. விரிவதற்கே பாதி உயரம் போய்விடும். அப்படியும் கட்டுவேன் என்றால் இரண்டு சொல்கிறேன். குறுக்களவு அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். உச்சியில் ஒரு சிறு ஓட்டை போடுங்கள். காற்று ஓரங்களில் மாறி மாறி வழிந்து பாராசூட் ஊஞ்சலாடுவது குறையும்.

பலூன் சுற்றுகிறவர்கள், செவ்வாய்க் கோளில் 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் இறங்கியதைச் சொல்லுவீர்கள். ஆமாம், காற்றுப் பைகளைச் சுற்றிக்கொண்டு பதினைந்து முறைக்கு மேல் துள்ளித்தான் இறங்கியது. ஆனால் அதன் உள்ளே இருந்த கருவிகள் அசையாதபடி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. உங்கள் பலூன் கொத்துக்குள் முட்டை தளர்வாக இருந்தால், முதல் துள்ளலில் பிழைத்து இரண்டாவதில் போகும். இன்னொன்றும் உண்டு. துள்ளுவது என்றால் கீழே வந்த வேகம் நின்று, மறுபடி மேலே போகும் வேகமும் வர வேண்டும். உந்த மாற்றம் கூடுகிறது. பொத்தென்று விழுந்து அப்படியே கிடக்கும் பெட்டிதான் எனக்குப் பிடிக்கும்.

தண்ணீர் டப்பாப் பையனை மறக்க முடியாது. உப்புத் தண்ணீரைக் கலந்து கலந்து முட்டை நடுவில் மிதக்கும்படி செய்து, டப்பாவை விளிம்பு வரை நிரப்பி மூடினான். நான் வேலையில் இருந்த காலத்தில் எந்த மாணவனும் இவ்வளவு அழகான யோசனையோடு வந்ததில்லை. தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தும். எந்தப் புள்ளியும் தனியாக அடி வாங்காது. தாய் வயிற்றில் குழந்தையும் மண்டைக்குள் மூளையும் இப்படித்தான் மிதக்கின்றன. ஆனால் தரையில் பட்டதும் மூடி தெறித்தது, தண்ணீர் கொட்டியது, முட்டை டப்பாவின் அடியில் மோதியது. இந்த ஆண்டு எடைக்கு வரம்பு வைத்ததால் தண்ணீர் டப்பா போட்டியில் சேராது. இதில் எனக்கே வருத்தம்தான்.

எடை வரம்பு ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு முதல் பரிசு யாருக்குப் போனது என்று நினைவிருக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டி அளவு. உள்ளே தலையணை, ஸ்பாஞ்ச், குமிழ் உறை, மறுபடி ஸ்பாஞ்ச். நாலு கிலோ. போட்டியாளனால் அதைத் தூக்க முடியவில்லை. விழுந்த பிறகு திறக்கவும் தெரியவில்லை. அவன் அப்பா வந்து கத்தரியால் வெட்டி முட்டையை எடுத்துக் கொடுத்தார். 'முட்டை உடையக் கூடாது' என்று மட்டும்தான் விதியில் இருந்தது. நான்தான் எழுதினேன். அதனால் பரிசு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த அப்பாவைக் குறை சொல்லவில்லை. நானும் என் பையனுக்கு எரிமலை மாதிரி செய்து கொடுத்தவன்தான். ஆனால் பாருங்கள், முட்டை கீழே கொண்டுவருகிற ஆற்றல் 5 ஜூல். நாலு கிலோப் பெட்டி கொண்டுவருவது கிட்டத்தட்ட 400 ஜூல். முட்டையைக் காப்பாற்றப் போன பெட்டி, முட்டையைவிட எண்பது மடங்கு அடியைத் தானே கொண்டுவந்து தானே வாங்கிக்கொள்கிறது. லேசாகச் செய்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.

ஆகவே இந்த ஆண்டு: பெட்டி 300 கிராமுக்குள், எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டருக்குள். முட்டையை நாங்கள் கொடுப்போம், ஒரே பண்ணையின் ஒரே நாள் முட்டை. வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. இளங்கோழி முட்டை சிறிதாகவும் ஓடு கெட்டியாகவும் இருக்கும், வயதான கோழியின் பெரிய முட்டை ஓடு மெலிந்திருக்கும் என்பது பண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த அநியாயம் வேண்டாம். (போட்டி சித்திரையில் நடந்தால் எல்லோருக்குமே கஷ்டம். வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது உடம்பிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துபோகும். கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் அந்த மாதங்களில் உடைசல் அதிகம் என்று உங்கள் அப்பா புலம்புவது இதனால்தான்.)

இப்போது முக்கியமான மாற்றம். மொத்தம் ஐம்பது மதிப்பெண்ணில் இருபத்தைந்து, நோட்டுக்கு. போட்டிக்கு முன் நீங்கள் உடைத்த முட்டைகளின் நோட்டு. ஒரு முட்டைகூட உடைக்காமல் வருகிறவர்களுக்கு அந்த இருபத்தைந்தும் கிடையாது.

என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன். இந்த ஆறு மாதத்தில் உங்களுக்காக நான் மூன்று அட்டை முட்டை உடைத்திருக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு. உடைந்த முட்டையை உடனே துடைத்து எறியாதீர்கள். முட்டையை ஒரு சிறு பாலிதீன் உறையில் போட்டு வைத்தால் உடைந்தாலும் ஓடு சிதறாமல் கிடைக்கும். விரிசலைப் படியுங்கள். நான் பார்த்தவரை, ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி கீறல்கள் கிளம்பியிருந்தால் அந்த இடத்தில் ஏதோ கெட்டியான பொருளை முட்டை தொட்டிருக்கிறது. மெத்தை தீர்ந்துபோய் அட்டைப்பெட்டியின் அடியை, அல்லது குச்சியின் முனையை. வயிற்றைச் சுற்றி வளையமாக விரிசல் ஓடியிருந்தால் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கியிருக்கிறீர்கள். இறுக்கமாக அடைத்தது தப்பு. கீழ்ப்பக்கம் நன்றாக இருந்து மேல்பக்கம் மட்டும் விரிந்திருந்தால் முட்டை துள்ளி மேலே போய் மூடியில் மோதியிருக்கிறது. எல்லோரும் அடியில் பஞ்சு வைப்பார்கள், மேலே வைக்க மறப்பார்கள். பாதிப் பெட்டிகளில் இதுதான் கதை.

சந்தேகமாக இருந்தால் முட்டையின் மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுப் போடுங்கள். திறந்து பார்த்தால், முட்டை எங்கெல்லாம் மோதியதோ அங்கெல்லாம் மஞ்சள் ஒட்டியிருக்கும். அதைப் படம் வரைந்து நோட்டில் ஒட்டுங்கள். உடையாத முட்டையையும் விடாதீர்கள். இருட்டில் செல்போன் டார்ச்சை அதன் மொட்டை முனையில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் வெளிச்சத்தில் தெரியும். அது உடைந்த முட்டை என்றுதான் கணக்கு.

மாடியிலிருந்து நேரடியாகத் தொடங்காதீர்கள். முதலில் மேசை உயரம், பிறகு பரண், பிறகு முதல் மாடி. பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கைப்பிடிச் சுவரில் ஏறினால் போட்டியிலிருந்து நீக்கம், பேச்சே இல்லை. உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்காகும்; வேகம் இரண்டு மடங்காகாது. எந்த உயரத்தில் உடைந்தது, எங்கே விரிசல், என்ன மாற்றினேன் என்று ஒரு வரி போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலை மாற்றினால் எதனால் பிழைத்தது என்று உங்களுக்கே தெரியாது.

உடைந்ததற்கு எதற்கு மார்க் என்று ஓர் ஆசிரியரே கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அனார்த்தோசைட். நிலாவின் மேட்டுநிலத்துப் பாறையும் அந்த வகைதான். இஸ்ரோ அதை எடுத்துப்போய் அரைத்து, பெங்களூரில் நிலாத் தரை மாதிரி பரப்பிச் சோதனை செய்தது. முட்டைக்குப் பேர்போன நம் மாவட்டத்து மண்ணிலேயே நிலாவில் இறங்கிப் பழகியிருக்கிறார்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. பழகியும் 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையில் மோதி நொறுங்கியது. அடுத்த நாலு வருடம், எங்கே விரிந்தது என்று பார்த்ததுதான் அவர்கள் வேலை. எது சரியாக நடக்கும் என்று யோசிக்காமல் எதெது தவறலாம் என்று யோசித்து வடிவமைத்ததாக அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சொன்னார். கால்களைப் பலப்படுத்தி, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்க வேண்டியதை 3 மீட்டருக்கு உயர்த்தினார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை இறங்கியது. உங்கள் பெட்டி நொடிக்கு 14 மீட்டரில் இறங்கப் போகிறது. இதைச் சொன்னதும் அந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்தும் போட்டார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், பிள்ளைகள் வாயிலாக. முட்டை வாங்கிக் கொடுங்கள். கத்தரி பிடிக்க வேண்டிய இடத்தில் பிடியுங்கள். உடைந்தால் திட்டாதீர்கள். அதற்கு மேல் வேண்டாம். போட்டியன்று மாடிக்கு வர அனுமதி இல்லை. கீழே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டிருக்கும்.

கடைசியாக, இந்த ஆண்டு நானும் ஒரு பெட்டி செய்கிறேன். போட்டிக்கு இல்லை, வரிசையில் கடைசியாகப் போடுவேன். உடைந்தால் நீங்கள் சிரிக்கலாம், சென்ற ஆண்டுக்குக் கணக்குச் சரியாகும். காகித முட்டை அட்டை இரண்டு, நடுவில் தேங்காய் நார், முட்டை படுத்தபடி. 280 கிராம். முதல் மாடியிலிருந்து நாலு முறை பிழைத்தது. மொட்டை மாடியிலிருந்து இதுவரை பதினொரு முட்டை போட்டேன், பதினொன்றும் உடைந்தன. கடைசி ஐந்திலும் மேல்பக்கம் மட்டுமே விரிசல். துள்ளுகிறது என்று தெரிந்து மேலேயும் கீழே வைத்த அளவே நார் வைத்தேன். இறுக்கியும் பார்த்தேன், தளர்த்தியும் பார்த்தேன். மஞ்சள் பூசிப் போட்டதில் மூடியில் கறையே இல்லை. கறை இருப்பது பக்கவாட்டில், ஒரே ஒரு இடத்தில். எனக்குப் பிடிபடவில்லை. யாருக்காவது பிடிபட்டால் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வாருங்கள். பெட்டி ஜன்னல் ஓர மேசையில் திறந்தபடி இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்